வலைப்பதிவு மென்பொருளில் கிளையன்ட் தளம்: வசதியா, வம்பா?

வலைத்தச்சன்:
ஒரு இசைப்பள்ளிக்குத் தளம் செய்யக் கேட்டிருக்கிறார்கள். முகப்பு, ஆசிரியர்கள், தொடர்பு என்று ஏழெட்டுப் பக்கம்தான். ஆனால் வகுப்பு நேரமும் அறிவிப்புகளும் அடிக்கடி மாறுமாம். அதை அவர்களே மாற்றிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்க முடியாது என்கிறார் பள்ளியை நடத்துகிறவர். நியாயம்தான். வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளைப் போடலாம் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்கிற நண்பர், "டைரி எழுதுவதற்கு வந்த மென்பொருளில் பள்ளிக்கூடத் தளமா?" என்று சிரிக்கிறார். வலைப்பக்கக் குறியீடான எச்டிஎம்எல்லில் கையால் எழுதிக் கொடுத்துவிடு, மாற்றம் வந்தால் நாமே செய்து தரலாம் என்பது அவர் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

பழையகோடு:
நான் உங்கள் நண்பர் பக்கம். ஏழெட்டுப் பக்கத்துக்கு பிஎச்பி நிரல், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், தோற்றத்துக்கு ஒரு தீம், அதன் மேல் கூடுதல் வசதிக்கு ஒரு கூடை ப்ளக்இன். தொடர்பு எண்ணைப் பார்க்க ஒருவர் வந்தால்கூட டேட்டாபேஸைத் தட்டி எழுப்ப வேண்டும். பக்கத்தை முன்பே தயாரித்து வைக்கும் கேஷ் ப்ளக்இன் போடலாம் என்பீர்கள். அதாவது ப்ளக்இன்னால் வந்த கனத்தை இன்னொரு ப்ளக்இன்னால் குறைக்கப் போகிறோம்.

"நாங்களே மாற்றிக்கொள்கிறோம்" என்று முதல் நாள் எல்லா கிளையன்ட்டும் சொல்வார்கள். கொஞ்ச நாளில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ஃபோன் வரும். ஆக, ஃபோன் குறையாது. உடைவதற்கான சாமான்தான் கூடும்.

பாதுகாப்பையும் பாருங்கள். 2011இல் டிம்தம்ப் என்ற சின்ன ஸ்கிரிப்டில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். படத்தைச் சிறிதாக்கும் வேலை மட்டும் செய்வது. எத்தனையோ தீம்களுக்குள் அது ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தீம் வாங்கிப் போட்டவர்களில் பலருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. எச்டிஎம்எல் கோப்பில் இப்படி ஒரு கதை நடக்குமா?

மலர்விழி:
டைரி மென்பொருள் என்பது 2003, 2004 நிலவரம். 2005இல் வந்த வேர்ட்பிரஸ் 1.5 பதிப்பிலேயே தேதி வரிசையில் சேராத தனிப் பக்கங்களும் தீம்களும் வந்துவிட்டன. 2010இல் வந்த 3.0 பதிப்பில் நமக்கு வேண்டிய உள்ளடக்க வகையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று ஆனது. அதற்கப்புறம் பதிவு என்பது பல வகைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பழையகோடு சொல்கிற "லாகின் மறந்த கிளையன்ட்" உண்மை. ஆனால் ஏன் மறக்கிறார்? உள்ளே போனால் அவருக்குச் சம்பந்தமில்லாத மெனுக்கள் இடது பக்கம் முழுக்க வரிசை கட்டி நிற்கும். எதைத் தொட்டால் எது கெடுமோ என்று பயந்துதான் திரும்பி வராமல் விடுகிறார்.

நான் செய்வதைச் சொல்கிறேன் வலைத்தச்சன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட்டின் தினசரிக் கணக்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பு கொடுக்க மாட்டேன், உள்ளடக்கத்தை மட்டும் திருத்தும் எடிட்டர் பொறுப்புதான். தீமும் ப்ளக்இன்னும் அமைப்புகளும் அதிலேயே மறைந்துவிடும். கமென்ட்டை மூடி, அந்த மெனுவையும் எடுத்துவிடுவேன். முகப்பில் பதிவுப் பட்டியலுக்குப் பதில் நிலையான பக்கம். அப்புறம் "வகுப்பு" என்று ஒரு உள்ளடக்க வகை. அதில் வாத்தியம், நாள், நேரம், ஆசிரியர் என்று நான்கே கட்டங்கள். நாளுக்கு ஒரு கீழிறங்கு பட்டியல், எழுத வேண்டியதில்லை. அவர் நேரத்தை மாற்றிச் சேமித்தால் முகப்பிலும் கால அட்டவணையிலும் ஆசிரியர் பக்கத்திலும் ஒரே நேரத்தில் மாறும். கையால் எழுதிய எச்டிஎம்எல்லில் அதே நேரத்தை மூன்று கோப்பில் தேடித் திருத்த வேண்டும், ஒன்று எப்படியும் விட்டுப்போகும்.

முக்கியமாக, எழுத்தளவும் நிறமும் அவர் கையில் இல்லை. எழுதும் திரையான பெரிய வெள்ளை எடிட்டரைத் திறந்து கொடுத்தீர்கள் என்றால் வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டுவார்கள், நான்கு ஃபான்ட், சிவப்புத் தலைப்பு, நடுவில் ஒரு அட்டவணை எல்லாம் கூடவே வரும். அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிடும் தளம். கட்டம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. அந்த உள்ளடக்க வகைக்கான நிரலைத் தீமுக்குள் எழுதாதீர்கள். தனியாக ஒரு குட்டி ப்ளக்இன்னில் எழுதுங்கள். நாளைக்குத் தீம் மாறினாலும் வகுப்புகள் கண்ணில் படும்.

பழையகோடு:
படித்துப் பார்த்தேன் மலர்விழி. மெனுவை எடுத்தேன், கமென்ட்டை மூடினேன், எடிட்டரை மறைத்தேன். மென்பொருளைப் போட்டதை விடக் கழற்றியதுதான் அதிகம். இவ்வளவு கழற்ற வேண்டிய ஒன்றை ஏன் மாட்ட வேண்டும்?

சரி, எல்லாம் கழற்றியாயிற்று, கிளையன்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று. 2018 டிசம்பரில் 5.0 வந்தபோது எடிட்டரே தலைகீழாக மாறியது, பத்தி, படம் எல்லாம் தனித்தனி பிளாக்காக. நேற்றுவரை பழகிய திரை இன்று இல்லை. சொல்லிக்கொடுத்த டெவலப்பரிடம்தான் கிளையன்ட் வந்து நிற்பார். கிளையன்ட்டுக்கு இணக்கமானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மலர்விழி:
5.0க்கு அப்டேட் செய்தவர்களுக்கும் பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவர அதிகாரபூர்வமாகவே ஒரு ப்ளக்இன் இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் சொன்ன கட்ட முறையில் எடிட்டரே பெரிதாக வேலைக்கு வராது. பிளாக் எடிட்டர் வேண்டும் என்பவர்களுக்கு 2022இல் வந்த 6.0 பதிப்பில் ஒரு பிளாக்கை நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி பூட்டும் வசதியும் வந்துவிட்டது.

பழையகோடு:
அந்தப் பூட்டைப் பார்த்திருக்கிறேன். நீங்களாக அந்த உரிமையை எடுக்காவிட்டால், பூட்டியதைக் கிளையன்ட்டே திறந்துகொள்ளலாம். நல்ல பூட்டு.

சேது:
இரண்டு பேரும் புதுத் தளம் செய்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வருவதெல்லாம் இன்னொருவர் செய்து கைவிட்ட தளங்கள்.

போன வருடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். முழுக்க ஒரு பேஜ் பில்டரில், அதாவது இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் ப்ளக்இன்னில் கட்டியது. அந்த ப்ளக்இன்னின் உரிமம் காலாவதி, டெவலப்பரைக் காணோம். அதை நிறுத்திப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குள் குறிகள், வரி வரியாக, நடுவில் அங்கங்கே நான்கு வார்த்தை. கிளையன்ட் எழுதிய எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வேர்ட்பிரஸில் ஏற்றுமதி வசதி இருக்கிறது, உள்ளடக்கம் முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக எடுக்கலாம். எடுத்தேன். அதிலும் அதே அடைப்புக்குறிகள்தான்.

எனவே எந்த மென்பொருள் என்பதை விட, உள்ளடக்கம் சுத்தமாக வெளியே வருமா என்பதை முதலில் பாருங்கள். மலர்விழியின் கட்ட முறையில் வரும். இழுத்துப் போட்டுக் கட்டும் பில்டர்களில் பெரும்பாலும் வராது. அந்த விஷயத்தில் பழையகோடு சொல்வதுதான் எனக்கு உறைக்கிறது: எச்டிஎம்எல் கோப்பை இருபது வருடம் கழித்தும் திறந்து படிக்கலாம்.

நிலைத்தாள்:
நடுவில் ஒரு பழைய சங்கதி. 2001இல் வந்த மூவபிள் டைப்பும் வலைப்பதிவு மென்பொருள்தான். அது பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக எழுதி வைத்துவிடும். வருகிறவருக்கு டேட்டாபேஸ் வேலையே இல்லை. எழுதுகிறவருக்கு மட்டும் லாகின், எடிட்டர் எல்லாம். தளம் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி எழுதி முடிக்கக் காத்திருக்க வேண்டும், அது ஒரு தொல்லை. 2004இல் அதன் உரிம விதிகளை மாற்றியதும் நிறையப் பேர் வேர்ட்பிரஸுக்கு வந்தார்கள்.

2008இல் ஜெக்கில் என்ற தளம் உருவாக்கும் கருவி வந்து அதே யோசனை திரும்பியது. ஆனால் அங்கே கிளையன்ட்டுக்குத் திரையே கிடையாது. கோப்பைத் திருத்தி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஏற்று என்று இசை ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

நான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். வேர்ட்பிரஸ் ஒரு மூலையில், வெளியாள் நுழைய முடியாத முகவரியில். கிளையன்ட் அங்கே மாற்றுவார். அதிலிருந்து எச்டிஎம்எல் எடுத்து வெளியே வைக்கிறேன். தேடலும் தொடர்புப் படிவமும் மட்டும் அப்படியே வேலை செய்யாது, அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஏழெட்டுப் பக்கத் தளத்தில் தேடலை யாரும் கேட்கப் போவதில்லை.

பழையகோடு:
இது பரவாயில்லை. ஆனால் "சேமித்தேன், தளத்தில் வரவில்லையே" என்று வரப்போகிற ஃபோனை நிலைத்தாள்தான் எடுக்க வேண்டும்.

மலர்விழி:
பாதுகாப்புக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. டிம்தம்ப் தீமோடு வந்த பிரச்சினை. வேர்ட்பிரஸின் மையத்திலேயே ஓட்டை வந்ததும் உண்டு, மறைக்கவில்லை. 2016 கடைசியில் வந்த 4.7 பதிப்பில் லாகின் இல்லாமலேயே பக்கத்தை மாற்றக்கூடிய ஓட்டை இருந்தது. 2017 ஜனவரியில் 4.7.2இல் அடைத்தார்கள், ஒரு வாரம் கழித்துத்தான் விவரத்தை வெளியே சொன்னார்கள். 2013இல் 3.7 வந்ததிலிருந்து இந்த மாதிரிச் சின்ன பதிப்புகள் தானாகவே ஏறும். அதை நிறுத்தி வைத்திருந்தவர்களும், ஹோஸ்டிங்கில் அது வேலை செய்யாதவர்களும்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். ஆகவே தானியங்கி அப்டேட்டைத் தொடாதீர்கள், ப்ளக்இன்களை விரல் விட்டு எண்ணும் அளவில் வையுங்கள்.

வலைத்தச்சன்:
படங்கள்? ஆசிரியர்கள் ஃபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றுவார்களே.

மலர்விழி:
2019இல் வந்த 5.3 முதல் 2560 பிக்செலுக்கு மேல் இருந்தால் அதுவே சுருக்கிக்கொள்கிறது. அசல் கோப்பும் சர்வரில் கிடக்கும், இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேது:
தமிழில் தலைப்பு வைப்பார்கள் என்றால் பக்க முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும், முகவரிக்கு இருப்பதோ 200 எழுத்து. உயிர்மெய்யில் துணைக்குறி தனியாகக் கணக்கு. கொஞ்சம் நீளமான தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும்.

வலைத்தச்சன்:
மலர்விழி சொன்ன கட்ட முறையில் செய்யப் போகிறேன். நிலைத்தாள் வழி பிடித்திருக்கிறது, ஆனால் இந்தத் தளத்துக்கு அவ்வளவு தேவையா என்று யோசனை.

பழையகோடு:
செய்யுங்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். வாங்க முடியவில்லை என்றால் என் வழிக்கு வாருங்கள். கவனிக்க ஆளில்லாத வேர்ட்பிரஸை விட, மாறாத எச்டிஎம்எல் மேல். அட்மின் பாஸ்வேர்டையும் கிளையன்ட் கையில் கொடுக்காதீர்கள்.

சேது:
அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹோஸ்டிங், டொமைன், அட்மின் மூன்றும் கிளையன்ட் பெயரில்தான் இருக்க வேண்டும். தினசரிக்கு எடிட்டர் கணக்கு, அட்மின் விவரம் தனியாக எழுதிக் கொடுத்தது. இல்லாவிட்டால் டெவலப்பரைக் காணாத இன்னொரு தளம் என்னிடம் வந்து சேரும்.

பழையகோடு:
எழுதிக் கொடுத்த அன்றைக்கே அதில் லாகின் செய்து தீம் மாற்றுவார், பாருங்கள்.

சேது:
மாற்றட்டும். அவர் தளம்.