புதுப்பிப்பு: அம்மாவின் தோள்பட்டை, தையலா மாற்று மூட்டா?

அம்மாவுக்கு (வயது 72) வலது தோளில் இரண்டு தசைநார்கள் முழுவதுமாக அறுந்துவிட்டன, அவற்றைத் தைப்பதா மூட்டையே மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு தெரிந்துவிட்டது.

கிழிசலின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர் முதலில் பார்த்தது தசையைத்தான். நெடுநாள் அறுந்து கிடந்தால் தசை சுருங்கி, அதற்குள் கொழுப்பு படர்ந்துவிடுமாம். தசையைவிடக் கொழுப்பு மிகுந்துவிட்டால், இழுத்துத் தைத்தாலும் ஒட்டி நிலைப்பது அரிது. தசையின் வலுவும் திரும்பாது. அம்மாவின் நிலை அதுதான். "வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று நாங்கள் தள்ளிப்போட்ட மாதங்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

தையலுக்குப் பதிலாக முதுகுத் தசைநாரை இடம் மாற்றித் தோளில் பொருத்தும் முறையும் உண்டு; அது பெரும்பாலும் இளையவர்களுக்கு, மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்களுக்கு. அம்மாவுக்குத் தேய்மானமும் இருக்கிறது. அதனால் தலைகீழ் தோள்மூட்டு மாற்றுச் சிகிச்சை. பிரான்சின் எலும்பு அறுவை மருத்துவர் பால் கிராமோன் 1980களில் வடிவமைத்தது. இயல்பான மூட்டுக்கு நேர்மாறாக, பந்து தோள்பட்டை எலும்பிலும் கிண்ணம் கை எலும்பிலும் அமையும்; அறுந்த தசைநார்களின் வேலையைத் தோளின் வெளிப்புறத் தசையே ஏற்றுக் கையை உயர்த்தும். அந்தத் தசையும் அதன் நரம்பும் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இருக்கின்றன.

கையை வெளிப்பக்கம் திருப்பும் வலு முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தலைவாரிக்கொள்ள முடியுமா?" பெரும்பாலும் முடியும் என்றார். அம்மா சம்மதித்துவிட்டார்.