கடலை ஓட்டுக் கரி: பரப்பளவு 1450, மின்முனை மட்டும் படுத்துவிட்டது. உதவுங்கள்!

கரிச்சட்டி:
வணக்கம். மீமின்தேக்கி (சூப்பர்கெபாசிட்டர்) மின்முனை செய்வதற்காக நிலக்கடலை ஓட்டைக் கழுவி உலர்த்தி 500 டிகிரியில் கரியாக்கினேன். ஒரு பங்கு கரிக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 700 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவல், பி.எச். 7 வரும்வரை வடிநீர். பி.இ.டி. முறையில் (வாயு உறிஞ்சுவதை வைத்து) அளந்த பரப்பளவு கிராமுக்கு 1450 சதுர மீட்டர் என்று வந்ததும் துள்ளிக் குதித்தேன்.

குதித்ததோடு சரி. 90 சதம் கரி, 10 சதம் பி.வி.டி.எஃப். பசை, என்.எம்.பி. என்ற கரைப்பானில் குழைத்து கிராஃபைட் தாளில் பூசினேன். மின்முனையில் கரி 8 மி.கி. மூன்று மின்முனைக் கலம், 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். சி.வி. வளைவு (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளந்து வரைவது) செவ்வகமாக வராமல் இலை மாதிரி சாய்ந்து கிடக்கிறது. கிராமுக்கு 1 ஆம்பியரில் 1 வோல்ட் ஏற்றி இறக்கினால் 25 நொடியில் காலி. அதாவது தேக்குதிறன் கிராமுக்கு வெறும் 25 ஃபாரட்! 800 டிகிரியில் புதுக் கரி செய்து பார்க்கவா?

மின்தேக்கிப்பித்து:
கரியை இப்போதைக்குத் தொடாதீங்க. இறக்கம் தொடங்குற இடத்துல மின்னழுத்தம் செங்குத்தா எவ்வளவு விழுது?

கரிச்சட்டி:
0.35 வோல்ட்.

மின்தேக்கிப்பித்து:
அதுதான் வில்லன். உங்க மின்னோட்டம் 8 மில்லி ஆம்பியர். ஏற்றத்துல இருந்து இறக்கத்துக்குத் திரும்பும்போது மாற்றம் அதுல இரண்டு மடங்கு, 16. 0.35ஐ 0.016ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 22 ஓம். இவ்வளவு தடை இருந்தா எந்தக் கரி போட்டாலும் இலைதான் வரும்.

இன்னொண்ணு, விழுந்த 0.35ஐக் கழிச்சுட்டுத்தான் வகுக்கணும். 25ஐ 0.65ஆல் வகுங்க, 38 வரும். அதுவும் மோசம்தான், ஆனா சரியான மோசம்!

கடத்துகரி, அதாவது கார்பன் பிளாக், சேர்த்தீங்களா? பட்டியல்ல காணோம். ஆய்வகத்துல சிரட்டையில செஞ்ச வணிகக் கரி இருந்தா, அதையும் இதே கைப்பக்குவத்துல பூசிப் பாருங்க. அதுவும் படுத்தா குற்றவாளி கரி இல்ல, பூச்சு.

உலைக்காரன்:
800 என்றதும் வந்தேன். பொட்டாசியத்தின் கொதிநிலை சுமார் 760 டிகிரி. அந்தச் சூட்டில் கரியே பொட்டாசியம் சேர்மங்களை உலோகமாக ஒடுக்கும்; ஆவி குழாயின் குளிர்ந்த முனையில் போய்ப் படியும். அதைக் கவனிக்காமல் நீர் ஊற்றினால் தீப்பிடிக்கும். நைட்ரஜனை நிறுத்தாமல் முழுக்க ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும். அலுமினா படகு என்றால் காரம் அரித்துவிடும், நிக்கல் படகுதான் தாங்கும்.

கரிச்சட்டி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். வணிகக் கரியும் அதே 20 ஓம் சொச்சம்! கடத்துகரி நான் போடவே இல்லை, கரிதானே கடத்தும் என்று இருந்துவிட்டேன். இப்போது என் கரி 80, கடத்துகரி 10, பசை 10. காய்ந்தபின் அழுத்தியில் வைத்து அழுத்தினேன். அளப்பதற்கு முன் வெற்றிடத்தில் கரைசலில் ஊறவும் வைத்தேன். கரி அதே 8 மி.கி., வீழ்ச்சி 0.06 வோல்ட், இறக்கம் 132 நொடி.

மின்தேக்கிப்பித்து:
132ஐ 0.94ஆல் வகுத்தா 140 ஃபாரட். தடை 4 ஓமுக்குக் கீழ. ஒரே நேரத்துல மூணையும் மாத்தினதால எது காப்பாத்துச்சுன்னு சொல்ல முடியாது. எனக்குக் கடத்துகரி மேலயும் அழுத்தம் மேலயும்தான் சந்தேகம். அறிக்கை எழுதணும்னா ஒவ்வொண்ணா நீக்கிப் பாருங்க.

புதுக்கை:
குறுக்கே ஒரு கேள்வி. கிராஃபைட் தாளுக்குப் பதில் நிக்கல் ஃபோம் (பஞ்சு போன்ற நிக்கல் தகடு) போடலாமா?

உலைக்காரன்:
காரக் கரைசலில், எதிர்மறை மின்னழுத்தப் பக்கம் மட்டும் என்றால் போடலாம். நேர்மறைப் பக்கம் போனால் நிக்கலே ஆக்சிஜனேற்றமடைந்து சி.வி. வளைவில் தன் முகட்டைக் காட்டும், அதையும் கரியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கந்தக அமிலத்தில் கரைந்தே போகும்.

கரிச்சட்டி:
அடுத்து இரண்டு மின்முனை வைத்து முழுக் கலம் செய்யப் போகிறேன். 140 அப்படியே வருமா?

மின்தேக்கிப்பித்து:
வராது. இரண்டும் தொடர் இணைப்பு, எடையும் இரட்டிப்பு. மொத்தக் கரி எடைக்குக் கணக்குப் போட்டா நாலுல ஒண்ணு, 35 பக்கம். அதைப் பாத்துட்டு மறுபடியும் உதவின்னு வந்து நிக்காதீங்க 😄