புதுப்பிப்பு: மண்டபத்துக் காற்றும் என் சூரியகாந்தியும்

ராமேசுவரம் பக்கத்தில் உள்ள எங்கள் மண்டபம் ஊரில் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் என் தோட்டத்துச் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் சாய்ந்துபோகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: கம்பு நட்டுக் கட்டுங்கள். கட்டியாயிற்று. நிலவரம் இதுதான்.

சூரியகாந்திக்குச் சவுக்குக் கம்பு நன்றாகத் தாங்குகிறது. ஆனால் இது கடற்கரை மணல், ஒரு சாண் இறக்கினால் நிற்காது. 2 அடியாவது வேண்டும். கம்பு காற்று வரும் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் தண்டு அதில் மோதி உரசாது. பழைய வேட்டிக் கிழிசலை 8 போலச் சுற்றித் தளர்வாகக் கட்டினேன். நைலான் கயிறு வேண்டாம், தண்டை அறுத்துவிடும்.

செண்டுமல்லிக்கு ஒவ்வொன்றுக்கும் கம்பு என்றால் நடக்கிற காரியமா? பாத்தியின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் அகலக் கண் உள்ள பழைய மீன்வலையைப் படுக்கையாக இழுத்துக் கட்டிவிட்டேன். செடிகள் கண்களுக்குள் புகுந்து வளர்கின்றன, சாய இடமில்லை. வலை நுனி தரையில் கிடக்கக் கூடாது, ஓணான் சிக்கும். அப்புறம் அடித்தண்டுக்கு மண்ணும் அணைத்தேன். அந்த இடத்திலும் வேர் விடும்.

சுவர் எழுப்பச் சொன்ன அண்ணனுக்கு: மதிலில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். இடைவெளி விட்டுக் கட்டிய பனையோலைத் தட்டி வேகத்தை மட்டும் குறைக்கிறது, அதுவே மேல்.

உப்புதான் இன்னும் தொல்லை. இலை ஓரம் கருகுகிறது. காலையில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுகிறேன், தண்ணீர் லாரி வந்தால்.