செம்புத் தகட்டில் சிக்குக் கோலம்: கோடுகள் தடித்துவிடுகின்றன, உதவுங்கள்

வணக்கம். 1 மில்லிமீட்டர் செம்புத் தகட்டில் சிக்குக் கோலம் பொறிக்கப் பார்க்கிறேன். இதுவரை மூன்று தகடுகள் வீண்.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் லேசாக இழுத்து, அசிட்டோனால் துடைக்கிறேன். பிறகு முழுக்க நகப்பூச்சு. காய்ந்ததும் ஊசியால் கோடு கீறி, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் படம் கீழே பார்க்கும்படி வைக்கிறேன். அப்போதுதான் கசடு கோட்டுக்குள் தங்காமல் அடியில் விழும். பின்பக்கத்துக்குப் பேக்கிங் டேப்.

முதல் 20 நிமிடம் அழகாகத்தான் போகிறது. ஆழம் போதவில்லையே என்று ஒரு மணி நேரம் விட்டால், பூச்சுக்கு அடியிலும் அரித்துச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டிலும் கொஞ்சம் அரிக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவா?

நகப்பூச்சுக்குப் பதில் தார் வார்னிஷ் நன்றாகப் பிடிக்குமா? கரைசலைச் சூடாக்கினால் வேகம் கூடும், சரி, ஓரம் சுத்தமாக வருமா? இல்லை, லேசாக அரித்துவிட்டு மீதி ஆழத்தை உளியால்தான் செதுக்க வேண்டுமா? (எனக்குக் கை நடுங்கும்.)

அப்புறம், பழைய கரைசல் 2 லிட்டர் கிடக்கிறது. செம்பு கரைந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சமையல் சோடா போட்டுப் படியவைத்த கசடை நீங்களெல்லாம் யாரிடம் கொடுக்கிறீர்கள்?