பட்டுப்புழு ஃபைப்ரோயின் மரபணு: நடுப்பகுதியைப் படிக்க உதவி தேவை

சேலம் நண்பர்களே, ஏற்காடு அடிவாரத்து மல்பெரிப் புழுக்களில் ஃபைப்ரோயின் (பட்டு நூலின் முக்கியப் புரதம்) கனச்சங்கிலி மரபணுவின் நீளம் புழுவுக்குப் புழு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். புரதத்தில் 5,263 அமினோ அமிலங்கள். மீளும் பகுதிகள் 12, இடையே இணைப்புகள் 11. கிளைசின்-அலனின்-கிளைசின்-அலனின்-கிளைசின்-செரின் என்ற பல்லவிதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு துண்டு இரட்டித்த பின், குறுக்குக்கலப்பில் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது) குரோமோசோம்கள் ஒரு பல்லவி தள்ளிப் பொருந்தினால் ஒன்றில் துண்டு கூடும், மற்றதில் குறையும். (இந்தப் புழுவில் பெண்ணுக்குக் குறுக்குக்கலப்பே கிடையாது, ஆணில்தான்.)

சிக்கல் என்னவென்றால், பிசிஆரும் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) அதே தப்பைச் செய்கிறது. பாதியில் நின்ற இழை அடுத்த சுற்றில் வேறு பல்லவியில் ஒட்டி, தானே பிரைமர், அதாவது நகலைத் தொடங்கும் இழை, ஆகிவிடுகிறது. ஜெல்லில் ஒற்றைப் பட்டைக்குப் பதில் ஏணி போலப் பல பட்டைகள். பிரைமர்களை மீளாத ஓரங்களுக்கு மாற்றியாயிற்று. சுற்று 35லிருந்து 24. நீட்டிப்பு 68 டிகிரி, கிலோபேஸுக்கு (1,000 டிஎன்ஏ எழுத்து) 1 நிமிடம். ஏணி மங்கியது, போகவில்லை. ஈ.கோலை பாக்டீரியாவில் குளோன் செய்தால் அதுவும் துண்டுகளைக் கழித்துவிடுகிறது.

பெருக்காமலே படிப்பதுதான் வழி. நானோபோர் (நீண்ட டிஎன்ஏவை நேரடியாகப் படிக்கும் கருவி) ஓட்டத்தில் ஓரிடம் பகிர முடியுமா? 30 கிலோபேஸுக்குக் குறையாத டிஎன்ஏ எடுக்க, கூட்டுப்புழுவா பட்டுச்சுரப்பியா, எது சுத்தமாக வரும்? வோர்டெக்ஸ் கருவியில் குலுக்காமல், அகலமுனை டிப்பில் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.