மவுஸுக்குச் சிக்காமல் ஓடிய மெனு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

ஒரு ஜவுளிக்கடைக்கு நான் செய்த முதல் இணையதளம். 'பட்டு' மேல் மவுஸை வைத்தால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரியும், எனக்கு அதில் ஒரே பெருமை. முதலாளியின் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி, வலப்பக்கம் கீழே இருந்த 'கல்யாணப் பட்டு'க்கு மவுஸைக் குறுக்கே இழுத்தார், வழியில் அது 'பருத்தி'யை உரசியதும் பட்டு மறைந்து பருத்திப் பட்டியல் வந்து நின்றது. நாலு தடவை. "இது என்ன தம்பி, கண்ணாமூச்சி ஆடுது?" என்று மவுஸை விட்டுவிட்டார்.

அப்புறம் தேடியதில், அமேசான் மெனு இதை எப்படிச் சமாளித்தது என்று 2013-ல் பென் கேமன்ஸ் என்ற புரோகிராமர் எழுதியது கிடைத்தது. மவுஸ் இருக்கும் புள்ளியிலிருந்து துணைப்பட்டியலின் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் வருமில்லையா, அதற்குள் மவுஸ் நகரும்வரை பட்டியல் மாறாது. அதையே போட்டேன், கம்ப்யூட்டரில் சரியானது. போனில்தான் மேலே வைப்பது என்ற பேச்சே கிடையாதே! கடைசியில் துணைப்பட்டியலையே தூக்கிவிட்டு, எல்லா வகையையும் ஒரே பக்கத்தில் படத்தோடு வைத்தேன்.

---

எனக்கு மண்டப முன்பதிவுத் தளத்தில் அடி. முகப்பில் படங்கள் தானாக ஓடும், எழுத்துகள் மிதந்து வரும், ஆனால் 'பதிவு செய்' பட்டனை அழுத்தினால் ஆறேழு விநாடிக்கு ஒன்றுமே நடக்காது. கம்ப்யூட்டரை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-லேயே கணக்குச் சொல்லியிருக்கிறார்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 விநாடி தாண்டினால் நினைப்பு அறுபடும், 10 தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் போகவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். ஒரே கல்யாணத்துக்கு மூன்று பதிவு! அழுத்தியதுமே பட்டன் மங்கி 'பதிவாகிறது' என்று மாறும்படி வைத்தேன், சர்வர் வேகம் பழையதுதான், ஆனாலும் இரட்டைப் பதிவு நின்றது. ஓடும் படங்களை எடுத்தது பற்றி ஒருவரும் கேட்கவே இல்லை.

---

என் மச்சானுக்கு வலது கை முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயம், நான் செய்த தளத்தை இடது கையால் டேப் விசையைத் தட்டி, இணைப்பு இணைப்பாகத் தாவித்தான் பார்த்தார். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை என்றார். தெரியாதுதான், அதைக் காட்டும் கோட்டை, அசிங்கமாக இருக்கிறதென்று நானே ஒரு வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறியீடு) போட்டு எடுத்திருந்தேன். அன்று ராத்திரியே அந்த வரியை அழித்தேன். டிசைனர் இன்னும் முறைக்கிறார்.