அடாபலீன் ஜெல் பூசிய பத்தே நாளில் முகம் எரிகிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி:
எனக்கு வயது 24. கன்னத்திலும் தாடையோரத்திலும் இரண்டு ஆண்டுகளாகப் பரு வந்துகொண்டிருப்பதால், 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லை இரவில் பூசும்படி தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நன்றாகப் பிடிக்கட்டும் என்று, முகம் கழுவிய கையோடு பருக்களின் மேல் தடிமனாகவே தினமும் பூசி வந்தேன். இன்று பத்தாம் நாள். மூக்கின் இருபுறமும் உதட்டு முனைகளும் சிவந்து தவிடு உதிர்வதுபோல் தோல் உரிகிறது, வெறும் தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரிகிறது, போதாக்குறைக்குப் புதிய பருக்களும் கிளம்பியுள்ளன. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில் (மருந்தாளுநர்):
சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மருந்தைவிட, அதைப் பூசிய முறையின் மீதுதான் எனக்கு ஐயம். அடாபலீன், வந்த பருவின் மேல் வைத்து அமுக்கும் மருந்தன்று. மயிர்த்துளையின் வாயில் இறந்த செல்கள் சேர்ந்து அடைத்துக்கொள்வதைத் தடுத்து, இனி வரவிருக்கும் பருவை முளையிலேயே நிறுத்துவது. ஆகவே பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பரவ வேண்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவே போதும்.

எரிச்சல் அடங்கும்வரை ஜெல்லை ஒதுக்கிவைத்து, மணமில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் பூசுங்கள். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் எனத் தொடங்கி, தோல் தாங்கத் தாங்கக் கூட்டிக்கொள்ளலாம். முகம் கழுவி இருபது நிமிடமாவது உலர விட்டு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல் என்று பூசினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். கண்ணிமை, மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களில் படவே கூடாது. முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோல் தோன்றுவது வழக்கம்தான். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஆனால் முகம் வீங்கினாலோ கொப்புளம் கண்டாலோ காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பதில் (இம்மருந்தை இரண்டு ஆண்டுகளாகப் பூசுபவர்):
தங்கையே, வேறு என்னென்ன பூசுகிறாய் என்பதையும் சொல். நான் இதைப் பூசிய நாட்களிலேயே மேலுதட்டில் த்ரெடிங் செய்துகொண்டேன். நூலோடு தோலும் உரிந்து வந்து, அந்த இடம் பல வாரங்கள் கருத்தே கிடந்தது. காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே போகாதே.

கேள்வி கேட்டவர்:
கடலை மாவில் எலுமிச்சைச் சாறு கலந்து வாரம் இருமுறை பூசிவந்தேன், இன்றோடு விட்டுவிடுகிறேன். தை மாதம் எனக்குத் திருமணம். அதற்குள் முகம் தெளிய வேண்டும் என்பதற்காக, மருந்துக் கடையில் கிடைக்கும் வேறொரு க்ரீமை உறவினர் ஒருவர் வாங்கித் தந்திருக்கிறார். அட்டையில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று இருக்கிறது.

பதில் (மருந்தாளுநர்):
தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆவதுபோல் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, ஸ்டீராய்டினாலேயே பரு பெருகும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். என் கடைக்கு வருபவர்களிடம் இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். திருமணத் தேதியை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு வகை மருந்துகளைத் தவிர்ப்பதே முறை, அடாபலீனும் அவ்வகைதான் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போது அதை நிறுத்தி, அதற்கு மாற்றாக அசெலாயிக் அமிலம் போன்ற ஒன்றை அவரே எழுதித் தருவார்.